பாலத்துக்கு அடியில் படகு போகுமா? கால்வாய்ப் பயணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கால்வாயில் படகு ஓட்டக் கற்றுக்கொள்பவர்கள் லாக்கைப் பார்த்துப் பயப்படுவார்கள். (லாக் என்பது படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி.) இரண்டு நாள் ஓட்டினால் அந்தப் பயம் போய்விடும். தாழ்வான பாலம் தரும் பயம் மட்டும் அவ்வளவு சீக்கிரம் போகாது, போகவும் வேண்டாம். அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பாலத்தில் 3.50 மீட்டர் என்று போட்டிருக்கிறது. என் படகின் உயரம் 3.40. போகலாம்தானே?

போகலாம் என்று சொல்வதற்கு முன் மூன்று விஷயம் தெரிய வேண்டும். அந்த 3.50 எந்த நீர்மட்டத்திலிருந்து அளந்தது? பாலத்தின் எந்த இடத்தில் அளந்தது? உங்கள் 3.40 எந்தச் சுமையோடு இருக்கும்போது அளந்தது?

முதல் கேள்விக்கு ஊருக்கு ஊர் பதில் மாறும். லாக்குகளுக்கு இடையே தேங்கி நிற்கும் கால்வாயில், வழக்கமான நீர்மட்டத்திலிருந்து அளந்திருப்பார்கள். தேம்ஸ் போன்ற அணை கட்டிய ஆற்றில், லாக்கில் நிறுத்திவைக்க வேண்டிய நிர்ணய மட்டத்திலிருந்து. அலையேற்றம் உள்ள இடங்களில் அமெரிக்க வரைபடங்கள் சராசரி உயர்நீர் மட்டத்தை எடுத்துக்கொள்கின்றன. பிரிட்டிஷ் வரைபடங்கள் வானியல் கணக்குப்படி வரக்கூடிய மிக உயர்ந்த அலைமட்டத்தை எடுத்துக்கொள்கின்றன. ஆக, பிரிட்டிஷ் எண்ணில் பெரும்பாலான நாட்களில் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கும். அமெரிக்க எண்ணை அப்படி நம்ப முடியாது. சராசரி என்றாலே அதற்கு மேலே ஏறும் நாட்களும் உண்டு.

இரண்டாவது கேள்விதான் அதிகம் பேரை மாட்டிவிடுவது. அதற்குக் கீழே தனியாக வருகிறேன்.

என் படகின் உயரத்தை எப்படி அளப்பது?

தண்ணீர் மேற்பரப்பிலிருந்து படகின் மிக உயரமான, மடங்காத புள்ளி வரை உள்ள உயரம்தான் நமக்கு வேண்டும். படகு தண்ணீரில் மிதக்கும்போது மட்டுமே அதை அளக்க முடியும். கரையில் தூக்கி வைத்திருக்கும்போது அளந்து, அடியில் மூழ்கும் ஆழத்தைக் கழித்துக் கண்டுபிடிப்பது எல்லாம் தோராயம்தான்.

காற்றில்லாத காலை நேரம் நல்லது. நேரான நீளப் பலகை ஒன்றை, இல்லாவிட்டால் அலுமினியச் சட்டத்தை, உச்சிப் புள்ளியின் மேல் வைத்துப் படகின் பக்கவாட்டைத் தாண்டி நீட்டுங்கள். பலகையின் மேல் ரசமட்டம் வைத்துக் குமிழி நடுவில் நிற்கும்படி பிடிக்க ஓர் ஆள் வேண்டும். நீட்டிய முனையிலிருந்து டேப்பைத் தூக்குக்குண்டோடு கீழே விடுங்கள். குண்டின் நுனி தண்ணீரைத் தொட்டதும் ஒரு சின்ன வளையம் விரியும். அந்த நொடியில் டேப்பைப் படிக்க வேண்டும், டேப்பின் நுனியிலிருந்து குண்டின் நுனி வரை உள்ள நீளத்தைக் கூட்ட மறக்கக் கூடாது. பலகை எட்டாத அகலமான படகு என்றால் கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர் டியூப் போதும். ஒரு முனையை உச்சியில் பிடித்து, அதே மட்டத்தைப் பக்கவாட்டில் ஒரு கம்பில் குறித்து, அங்கிருந்து தண்ணீர் வரை அளக்கலாம்.

படகு மிக இலகுவாக இருக்கும் நிலையில் அளப்பது முக்கியம். குடிநீர்த் தொட்டி காலி, டீசல் குறைவு, கழிவுத் தொட்டி காலி, ஆட்கள் கரையில். அப்போதுதான் படகு மிக உயரமாக நிற்கும். பயணத்தின் கடைசி நாட்களில், தண்ணீரும் எண்ணெயும் தீர்ந்த நிலையில் வரும் பாலத்துக்கு அந்த எண்தான் பொருந்தும்.

உச்சியை மட்டும் அளந்துவிட்டு நிறுத்தாதீர்கள். கூரையின் இரண்டு ஓரங்கள், முன் கண்ணாடியின் மேல் மூலை, கைப்பிடிக் கம்பி என்று ஒவ்வொரு மூலைக்கும் உயரமும், நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதும் வேண்டும். கட்டம் போட்ட தாளில் இந்தப் புள்ளிகளைக் குறித்து இணைத்தால் படகின் குறுக்கு வடிவம் கிடைக்கும். அதைச் சுக்கானுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

வாங்கும்போது தந்த கையேட்டில் உயரம் போட்டிருக்கிறதே?

அது தொழிற்சாலையிலிருந்து வந்த படகின் உயரம். அதற்குப் பிறகு நீங்கள் சோலார் பேனல் போட்டீர்கள், கூரையில் சைக்கிள் ஏற்றினீர்கள், ஆன்டெனாவை மாற்றினீர்கள். வாடகைப் படகு என்றால் ஒப்படைக்கும் ஆளிடம் எண்ணைக் கேளுங்கள், நிழல் துணிச் சட்டம் விரித்த நிலையிலா மடித்த நிலையிலா என்றும் கேளுங்கள். வாடகைப் படகில் முதலில் அடிபடுவது பெரும்பாலும் அந்தச் சட்டம்தான்.

எவ்வளவு இடைவெளி இருந்தால் நிம்மதியாகப் போகலாம்?

ஒரே எண்ணைச் சட்டமாகச் சொல்ல முடியாது. அசையாத தண்ணீர், நேரான கான்கிரீட் பாலம், எதிரே படகு இல்லை என்றால் 10 சென்டிமீட்டர் இருந்தாலும் நான் மெதுவாகப் போவேன். நீரோட்டம் உள்ள ஆறு, போகிற வருகிற படகுகளின் அலை என்றால் 30 இல்லாமல் நுழைய மாட்டேன். இடைவெளி குறையக் குறைய வேகமும் குறைய வேண்டும். ஓடும்போதே படகை நிறுத்தி ரிவர்ஸ் எடுக்க முடியாத நிலை என்றால், எவ்வளவு இடைவெளி இருந்தாலும் போதாது.

வளைவுப் பாலத்தில் மட்டும் ஏன் இவ்வளவு தகராறு?

பலகையில் உள்ள எண் வளைவின் உச்சிக்கு மட்டும் பொருந்துவதால்தான். உங்கள் படகு உச்சிக்கு அடியில் ஒரு கோடாகப் போவதில்லை, அகலத்தோடு போகிறது. இடிப்பது கூரையின் மூலை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தூணுக்குத் தூண் 6 மீட்டர். வளைவு தண்ணீருக்கு 1.5 மீட்டர் மேலே தொடங்குகிறது, உச்சி 3.3 மீட்டரில் இருக்கிறது. வட்டத்தின் ஒரு துண்டு என்று வைத்துக்கொண்டால், நடுவிலிருந்து 1 மீட்டர் தள்ளி உயரம் 3.15. ஒன்றரை மீட்டர் தள்ளி 2.95. இரண்டு மீட்டர் தள்ளி 2.65. இரண்டரை மீட்டர் தள்ளினால் 2.20 மட்டுமே. ஓரத்தை நெருங்க நெருங்க வளைவு வேகமாகக் கீழே இறங்குவதைக் கவனியுங்கள்.

இதற்குள் 3 மீட்டர் அகலமும் 2.80 மீட்டர் உயரமும் உள்ள தட்டைக் கூரைப் படகு போகிறது. பலகையில் 3.30 என்று இருக்கிறது. அரை மீட்டர் மிச்சம் என்று ஓட்டுபவர் நினைப்பார். உண்மையில் மிகச் சரியாக நடுவில் போனாலே மூலைக்கு மேல் 15 சென்டிமீட்டர்தான். நடுவிலிருந்து 27 சென்டிமீட்டர் விலகினால் மூலை கல்லைத் தொட்டுவிடும். ஒரு முழம்கூட இல்லாத விலகல் அது, காற்று ஒருமுறை தள்ளினால் போதும்.

பிரான்சின் ‘மிதி’ (Canal du Midi) என்ற கால்வாயில் இந்தத் தொல்லை அதிகம். 17-ஆம் நூற்றாண்டில் வெட்டிய கால்வாய் அது, பழைய கல் வளைவுகள் இன்னும் நிற்கின்றன. அவற்றில் கப்பெஸ்தாங் ஊர்ப் பாலம் பேர்போனது. அதற்குள் நுழையும் படகு கால்வாயின் மற்றப் பாலங்களுக்குள்ளும் நுழைந்துவிடும் என்று படகோட்டிகள் அதையே அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். அந்தக் கால்வாயில் ஓடும் பெரிய படகுகள் சிலவற்றின் மேல்கட்டு ஓரங்களில் சரிந்து உள்வாங்கியிருப்பதும் இந்த வளைவுகளால்தான்.

இன்னொன்று. பல பழைய பாலங்களில் வளைவுக்குள்ளேயே ஒரு பக்கம், முன்பு குதிரை நடந்து படகை இழுத்த பாதை இருக்கும். அங்கே தண்ணீரின் நடுவும் வளைவின் நடுவும் ஒன்றல்ல. தண்ணீரின் நடுவைப் பார்த்து ஓட்டினால் மூலை இடிக்கும். வளைவின் உச்சிக் கல்லைப் பார்த்து ஓட்டுங்கள். உச்சி பாதைப் பக்கமாகத் தள்ளியிருப்பதால், அந்த அளவுக்குப் பாதையை ஒட்டிப் போக வேண்டியிருக்கும்.

நடுவில்தான் நுழைந்தேன், ஆனாலும் பின்பக்கம் இடித்தது. எப்படி?

பாலத்துக்குள் வந்த பிறகு சுக்கானைத் திருப்பியிருப்பீர்கள். படகு கார் மாதிரி முன்சக்கரத்தில் திரும்புவதில்லை. முன்பக்கம் இடப்பக்கம் போனால் பின்பக்கம் வலப்பக்கம் வீசும். பாலத்துக்கு இரண்டு மூன்று படகு நீளம் முன்னாலேயே நேராக்கிவிட்டு, உள்ளே சுக்கானைத் தொடாமல் கடக்க வேண்டும். நேராக வரவில்லை என்று தோன்றினால் வெளியிலேயே நிறுத்தி மறுபடி வாருங்கள். பின்னால் காத்திருப்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பார்த்தாலே தெரியாதா? அனுபவம் வந்தால் கண்ணாலேயே மதிப்பிடலாமே?

கண்ணை நம்பவே வேண்டாம். சுக்கான் அருகே நிற்பவருக்குத் தூரத்தில் வரும் எல்லாப் பாலமும் தாழ்வாகத்தான் தெரியும். நெருங்க நெருங்க மேலே ஏறுவது போலத் தோன்றும். பத்துப் பாலம் அப்படிக் கடந்ததும், தாழ்வாகத் தெரிந்தாலும் போய்விடும் என்ற தைரியம் வந்துவிடும். பதினோராவது பாலம் நிஜமாகவே தாழ்வாக இருக்கும்.

கண்ணைப் பயன்படுத்த ஒரே ஒரு முறை உண்டு. உங்கள் கண் படகின் உச்சிப் புள்ளியின் அதே உயரத்தில் இருக்க வேண்டும். அங்கிருந்து கிடைமட்டமாகப் பார்த்தால், பாலத்தின் அடிப்பாகம் பார்வைக் கோட்டுக்கு மேலே இருந்தால் போகும், கீழே இருந்தால் போகாது. கோடு கிடைமட்டமாக இருப்பதுதான் சிக்கல். 20 மீட்டர் தொலைவில் ஒரு டிகிரி சாய்ந்தாலே 35 சென்டிமீட்டர் தப்பாகிவிடும். அதனால் கூரையின் முன் ஓரத்தையும் பின் ஓரத்தையும் வைத்துக் குறிபார்ப்பது, பாலத்துக்கு மிக அருகே படகைக் கட்டி நிறுத்தியிருக்கும்போது மட்டும் உதவும்.

சந்தேகம் வந்தால் கரையில் கட்டிவிட்டு இறங்கி நடந்து போய் அளப்பதுதான் உத்தமம். உங்கள் படகின் உயரத்துக்கு ஒரு கம்பை வெட்டி, அதை நீர்மட்டத்தில் நிறுத்திப் பார்த்தால் விஷயம் முடிந்தது.

படகின் முன்னால் கம்பு கட்டுகிறார்களே, அது எதற்கு?

நல்ல யோசனை அது. முன்பக்கத்தில் வளையக்கூடிய பைபர் கம்பியையோ பிளாஸ்டிக் குழாயையோ நிமிர்த்திக் கட்டி, அதன் நுனியை உச்சிப் புள்ளியைவிட ஐந்து பத்து சென்டிமீட்டர் உயரமாக வைப்பார்கள். கம்பு உரசினால் நிறுத்த வேண்டும். உச்சிப் புள்ளி கம்புக்கு 12 மீட்டர் பின்னால் இருந்து, படகு மணிக்கு 4 கிலோமீட்டரில் போனால், கையில் இருப்பது ஏறக்குறைய 11 வினாடி. கனமான படகை நிறுத்த அது ஒருமாதிரி போதும். சின்னப் படகில் கம்புக்கும் கேபினுக்கும் நடுவே 3 மீட்டர்தான் என்றால் கம்பு உரசும் சத்தமும் கேபின் இடிக்கும் சத்தமும் அடுத்தடுத்துக் கேட்கும். அங்கே கம்பால் பிரயோஜனம் குறைவு.

பாலத்தருகே தண்ணீரில் நிற்கும் அளவுப் பலகையை எப்படிப் படிப்பது?

இரண்டு வகைப் பலகை உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று தண்ணீரின் மட்டத்தைக் காட்டுவது. அதில் எண்கள் மேலே போகப் போகக் கூடும். மற்றது பாலத்துக்கு அடியில் இப்போது உள்ள உயரத்தைக் காட்டுவது. அதில் எண்கள் கீழே போகப் போகக் கூடும், தண்ணீர் தொடும் இடத்தில் உள்ள எண்தான் இப்போதைய இடைவெளி. நெதர்லாந்திலும் அமெரிக்காவிலும் இந்த இரண்டாவது வகையை நிறையப் பார்க்கலாம். நமக்குத் தேவை இதுதான், ஏனென்றால் இன்றைய நீர்மட்டம் இதில் ஏற்கெனவே கணக்கில் வந்துவிடுகிறது.

பலகை காட்டும் உயரம் பாலத்தின் மிகத் தாழ்வான அடிச்சட்டத்துக்காக இருக்கலாம். அமெரிக்கப் பாலங்கள் சிலவற்றில் நடுவில் இன்னும் சில அடி கூடுதல் என்று தனியாக எழுதியிருப்பார்கள். அப்படி எழுதாத இடத்தில் அந்தக் கூடுதலை நாமாக ஊகித்துச் சேர்க்கக் கூடாது.

அடி, அங்குலத்தில் எழுதிய இடங்களில் புள்ளியைக் கவனியுங்கள். 19.6 அடி என்பது 19 அடி 6 அங்குலம் அல்ல, 19 அடி 7 அங்குலத்துக்குச் சற்றே கூடுதல். சிக்காகோ அருகே கப்பல் கால்வாயின் குறுக்கே திறக்க முடியாத ரயில் பாலம் ஒன்று இருக்கிறது. வட அமெரிக்காவின் கிழக்குப் பாதியைச் சுற்றி வரும் பெருஞ்சுற்றுப் பயணத்தில் அதைத் தவிர்க்க வழியே இல்லை. அதன் உயரத்தை இந்த இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம்தான், ஆனால் அந்தப் பாலத்துக்காகவே படகை அளவெடுத்து வாங்குபவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை.

பாலத்தில் மஞ்சள் வைரங்கள், சிவப்பு வெள்ளைப் பட்டைகள் இருக்கின்றனவே?

ஐரோப்பிய உள்நாட்டு நீர்வழிகளின் பொதுக் குறிகள் அவை. ஒரு மஞ்சள் வைரம் என்றால் இந்த வளைவு வழியாகப் போகலாம், எதிரிலிருந்தும் படகு வரலாம். இரண்டு மஞ்சள் வைரம் என்றால் இந்த வழி உங்களுக்கு மட்டும், எதிரே வருபவருக்குத் தடை. சிவப்பு வெள்ளை சிவப்பு என்று கிடைப்பட்டை இருந்தால் உள்ளே போகக் கூடாது. சிவப்பு ஓரமிட்ட வெள்ளைப் பலகையில் மேலிருந்து கீழ்நோக்கிய கறுப்பு முக்கோணமும் எண்ணும் இருந்தால் அது உயர வரம்பு. முக்கோணம் அடியில் இருந்தால் அது ஆழம். அவசரத்தில் இரண்டையும் மாற்றிப் படிப்பவர்கள் உண்டு.

கால்வாயில் தண்ணீர் அசையாமல்தானே நிற்கிறது? மட்டம் ஏன் மாறப்போகிறது?

இரண்டு லாக்குகளுக்கு நடுவே இருக்கும் கால்வாய்ப் பகுதி ஒரு நீளத் தொட்டிதான். மேல் லாக்கைக் காலி செய்தால் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் ஒரே சமயத்தில் உங்கள் பகுதிக்குள் இறங்கும். பகுதி குட்டையாக இருந்தால் மட்டம் கண்ணுக்குத் தெரியும்படி ஏறும். நீளமாக இருந்தால் ஒரு மெல்லிய அலையாக ஓடி வந்து, மறுமுனையில் மோதித் திரும்பும். மழை பெய்தால் உபரிநீர் வழிந்தோடும் மதகுக்கு மேல் சில சென்டிமீட்டர் நிற்கும். நீளமான நேர்ப் பகுதியில் பலத்த காற்று ஒரே திசையில் அடித்தால் ஒரு முனையில் தண்ணீர் குவியும். எதிரே வரும் படகின் அலை நீங்கள் வளைவுக்குள் இருக்கும் நேரத்தில் வந்து தூக்கினால் 15 சென்டிமீட்டர்கூடப் போய்விடலாம். அதனால் தாழ்வான பாலத்துக்குள் நுழையும் முன் எதிர்ப்படகு கடந்து, தண்ணீர் அடங்கட்டும்.

ஆற்றில் நிலைமையே வேறு. இரவில் மேலே மழை பெய்தால் காலையில் அரை மீட்டர் ஏறியிருக்கும்.

வேகமாகப் போனால் படகு தாழும், அதனால் இடைவெளி கூடும் என்கிறார்களே?

பாதி உண்மை. குறுகலான, ஆழமில்லாத கால்வாயில் படகின் இரு பக்கமும் தண்ணீர் வேகமாகப் பின்னோக்கி ஓடும், அங்கே மட்டம் இறங்கும், படகும் அதோடு இறங்கும். பின்பக்கம் கூடுதலாக அமுங்கும். மீதிப் பாதியை இதைச் சொல்பவர்கள் சொல்வதில்லை. பயந்து த்ராட்டிலைக் குறைத்த உடனே, பின்னால் துரத்தி வந்த அலை படகின் அடியில் புகுந்து பின்பக்கத்தைத் தூக்கும். உயரமான கேபின் பின்னால் இருக்கும் படகு என்றால் பாலத்துக்கு நேர் அடியில் தூக்கும். வேகத்தை நம்பி நுழைந்தவருக்கு நிறுத்தவும் வழியில்லை. மெதுவாக, ஒரே சீராகப் போவதுதான் என் வழி.

படகில் எடை ஏற்றித் தாழ்த்தலாமா?

தாழ்த்தலாம், ஆனால் கணக்கைப் பார்த்தால் உற்சாகம் வடிந்துவிடும். 10 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள படகு நீர்மட்டத்தில் சுமார் 25 சதுர மீட்டர் இடத்தை அடைக்கும். அதை 1 சென்டிமீட்டர் தாழ்த்த 250 கிலோ வேண்டும். நாலு பேர் ஏறினால் ஒரு சென்டிமீட்டர். 500 லிட்டர் தொட்டி நிரம்பினால் இரண்டு. ஐந்து சென்டிமீட்டர் வேண்டுமென்றால் ஒன்றே கால் டன்.

எடையைக் கூட்டுவதைவிட இடம் மாற்றுவது பலன் தரும். உயரமான பகுதி பின்னால் இருந்தால் எல்லோரும் பின்னால் உட்கார்ந்தால் அந்த இடம் கூடுதலாக அமுங்கும். ஆனால் முன்பக்கம் அதற்கேற்ப எழும், அங்கே இருக்கும் கொடிக் கம்பத்தை மறந்துவிடாதீர்கள். கடலிலிருந்து கால்வாய்க்குள் வரும்போது நன்னீர் அடர்த்தி குறைவு என்பதால் படகு தானாகவே கொஞ்சம் தாழும். 10 டன் எடையுள்ள இதே படகுக்கு அது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்.

நீரோட்டம் இருந்தால் என்ன செய்வது?

தாழ்வான பாலத்தை முதல் தடவை நீரோட்டத்தை எதிர்த்துக் கடப்பதுதான் பாதுகாப்பு. எதிர்த்துப் போகும்போது எஞ்சினைச் சற்றுக் குறைத்தால் படகு அப்படியே நிற்கும், இன்னும் குறைத்தால் பின்னால் வரும். நீரோட்டத்தோடு போகும்போது, தண்ணீர் உங்களைப் பாலத்துக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும், தூண்களுக்கு நடுவே அதன் வேகம் கூடும். சுக்கான் பேச்சைக் கேட்க வேண்டுமென்றால் நீரைவிட வேகமாக ஓட வேண்டும், அதாவது கரையைப் பொறுத்து இன்னும் வேகமாக. தவிர்க்க முடியாவிட்டால், மேலேயே கரையில் கட்டிவிட்டு நடந்து போய் அளவுப் பலகையைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் பாட்டர் ஹைகம் என்ற ஊரில் இடைக்காலத்துக் கல் பாலம் ஒன்று இருக்கிறது. நடு வளைவு குறுகல், உயரமும் சொற்பம், அலையேற்றத்தின் பாதிப்பும் உண்டு. வாடகைப் படகை அங்கே நீங்களே ஓட்ட முடியாது. அந்த இடத்தை அறிந்த உள்ளூர்ப் படகோட்டி ஏறி, கடத்திவிட்டு இறங்குவார். தண்ணீர் கூடுதலாக இருக்கும் நாளில் அவரும் முடியாது என்று கையை விரித்துவிடுவார்.

ஆட்கள் கூரையில் உட்காரலாமா? கையால் பாலத்தைத் தள்ளலாமா?

இரண்டும் கூடாது. பத்து டன் படகு நடக்கும் வேகத்தில் போனாலும் கைக்கும் கல்லுக்கும் நடுவே மாட்டினால் கைதான் உடையும். தாழ்வான பாலம் வருவதற்கு வெகு முன்பே எல்லோரும் உட்கார வேண்டும், தலையும் கையும் உள்ளே. குறிப்பாக, பாலத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவரை ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பொதுவாகக் கத்தினால் யாரும் குனிய மாட்டார்கள்.

சுரங்கக் கால்வாய்க்கும் இதே கணக்குத்தானா?

கணக்கு அதேதான், பின்வாங்குவதுதான் கஷ்டம். உள்ளே கூரை ஒரே உயரத்தில் இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். இங்கிலாந்தின் ஹேர்காசில் சுரங்கம் 1827-இல் திறந்தது, இரண்டரை கிலோமீட்டருக்கும் மேல் நீளம். சுற்றியுள்ள நிலக்கரிச் சுரங்கங்களால் நிலம் அமிழ்ந்து, உள்ளே சில இடங்களில் கூரை தாழ்ந்துவிட்டது. அதனால் வாசலிலேயே உயர அளவி வைத்திருக்கிறார்கள். கால்டன் கால்வாயில் ஃப்ராக்ஹால் சுரங்கம் 69 மீட்டர்தான், ஆனால் மிகத் தாழ்வு. அங்கேயும் முன்கூட்டியே ஒப்பிட்டுப் பார்க்க வடிவ அளவி உண்டு. அளவியில் உரசினால் உள்ளே போகாதீர்கள், கொஞ்சம்தானே என்று பேரம் பேசவும் வேண்டாம்.

திறக்கும் பாலம் என்றால் கவலை இல்லைதானே?

எப்போது திறக்கும் என்ற கவலை வரும். நெதர்லாந்தில் ஒரு சிவப்பு விளக்கு என்றால் நில், சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிந்தால் திறக்கப் போகிறார்கள், பச்சை மட்டும் என்றால் போ. ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு சிவப்பு எரிந்தால் இப்போதைக்குப் பாலம் திறக்காது, வேறு வேலை பார்க்கலாம். அமெரிக்காவில் ஒரு நீண்ட ஊதலும் ஒரு குட்டை ஊதலும் கொடுத்தால் திறக்கச் சொல்லிக் கேட்பதாகப் பொருள், பதிலுக்கு ஐந்து குட்டை ஊதல் வந்தால் முடியாது என்று பொருள். எளிதாக மடக்கக்கூடிய ஆன்டெனாவுக்காகப் பாலத்தைத் திறக்கச் சொல்வது அங்கே விதிமீறல்.

பாய்மரத்தை இறக்காமலே நெதர்லாந்தைத் தெற்கிலிருந்து வடக்கே கடக்க ஒரு தனி வழி உண்டு. வழியில் உள்ள தாழ்வான பாலங்கள் எல்லாம் திறப்பவை. ஆம்ஸ்டர்டாமில் மட்டும் போக்குவரத்துக்காக நடுராத்திரியில்தான் திறப்பார்கள், படகுகள் வரிசையாகப் போகும். அன்றைக்குத் தூக்கத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

பாதையைத் திட்டமிடும்போது எதைப் பார்ப்பது?

முழுப் பாதையிலும் மிகத் தாழ்வான, திறக்காத பாலம் எது என்று கண்டுபிடியுங்கள். மற்றவற்றின் சராசரி உங்களுக்கு உதவாது. பிரான்சில் 1879-ஆம் ஆண்டுச் சட்டம் 38.5 மீட்டர் நீளமும் 5.05 மீட்டர் அகலமும் உள்ள படகுக்கு ஏற்றபடி கால்வாய்களை ஒழுங்குபடுத்தியது. அந்த அளவுக்குக் கட்டியவற்றில் பொதுவாக 3.50 மீட்டர் உயரத்தை நம்பலாம். அதற்குப் பிரான்சில் எல்லாக் கால்வாயும் அப்படித்தான் என்று பொருளல்ல. நிவெர்னே கால்வாயில் சில பகுதிகள் 2.70 அளவுக்கு இறங்கும். ஆக்ஸ்போர்டில் தேம்ஸின் ஆஸ்னி பாலம் 2.28 மீட்டர்தான், பெரிய சுற்றுலாப் படகுகள் அதோடு திரும்பிவிடும்.

அமெரிக்காவின் ஈரி கால்வாயில் கிழக்குப் பகுதி ஏறக்குறைய 21 அடி தரும், மேற்கே 15.5 அடிதான். அதனால் உயரமான படகுகள் பாதியில் ஆஸ்வீகோ கால்வாய்க்குள் திரும்பி ஒன்டாரியோ ஏரிக்குப் போகும். அட்லாண்டிக் கரையோர உள்வழியில் நிலையான பாலங்களுக்கு 65 அடி என்பது வழக்கம், மயாமியில் ஒரு பாலம் மட்டும் 56. உயரமான பாய்மரக்காரர்கள் அந்த இடத்தில் கடலுக்குள் இறங்கிச் சுற்றி வருகிறார்கள்.

திரும்பி வரும் நாளையும் யோசியுங்கள். வறட்சியில் 12 சென்டிமீட்டர் மிச்சத்தோடு உள்ளே போனவர், நாலு நாள் மழைக்குப் பின் அதே பாலத்தின் மறுபக்கம் மாட்டிக்கொள்வார். அதே மாதிரி போகும்போது தொட்டி நிறையத் தண்ணீர் இருந்திருக்கும், வரும்போது காலி.

பாலம் சரி, மேலே போகும் மின்கம்பி?

அதை உரசிப் பார்க்கும் விஷயமாக நினைக்கவே கூடாது. உயர் அழுத்தக் கம்பி தொடாமலே தாவும், வெயிலில் கம்பி தொய்யும். வரைபடத்தில் மின்கம்பிக்குப் பாதுகாப்பு உயரம் தனியாகக் கொடுத்திருந்தால் அதை அப்படியே மதியுங்கள். பாய்மரம் உள்ளவர்கள் பாலத்தைவிட இதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

கடைசியில் சிக்கிக்கொண்டேன். இப்போது என்ன?

முதலில் எஞ்சினை நியூட்ரலுக்கு எடுங்கள். ஆட்களைக் கரையில் இறக்காதீர்கள், இறங்கினால் எடை குறைந்து படகு எழுந்து இன்னும் இறுகும். எந்த இடம் மாட்டியிருக்கிறதோ அதற்குப் பக்கமாக எல்லோரும் நகர்ந்தால் அந்த இடம் சற்றுத் தாழும். அப்புறம் மெதுவாக ரிவர்ஸ், வந்த வழியே நேராக. முழு வேகத்தில் இழுத்தால் பின்பக்கம் ஒரு பக்கமாக வீசி, மறுமூலையும் போய் மாட்டும்.

அசையவில்லை என்றால் குடிநீர்த் தொட்டியை நிரப்ப வழி பாருங்கள், தகவல் பலகையில் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கால்வாய் ஊழியர்களிடம் சொல்லுங்கள். மேல் லாக்கை யாரும் காலி செய்யாமல் தடுக்கவும், தேவைப்பட்டால் அந்தப் பகுதியின் மட்டத்தைச் சில சென்டிமீட்டர் இறக்கவும் அவர்களால் முடியும். அலையேற்றம் உள்ள இடத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தால் இதையெல்லாம் வரிசையாகச் செய்ய நேரமில்லை. பாலம் அசையாது, படகு கீழே அழுந்தி ஓரத்தில் தண்ணீர் புகும். அப்போது படகைப் பற்றிய யோசனையை விட்டுவிட்டு, மிதவை அங்கி போட்டு எல்லோரையும் திறந்த பக்கத்துக்குக் கொண்டுவந்து அவசர உதவியை அழைக்க வேண்டும்.

வெளியே வந்த பிறகு பாலத்தில் கல் பெயர்ந்திருக்கிறதா என்று பார்த்து, பெயர்ந்திருந்தால் ஊழியர்களுக்குத் தெரிவியுங்கள். கேபின் கூரையின் இணைப்புகளில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், கீறல் வெளியில் தெரியாவிட்டாலும் உள்ளே ஒழுகும். அப்படியே ஒருமுறை உயரத்தையும் மறுபடி அளந்து, சுக்கானுக்குப் பக்கத்தில் ஒட்டிய தாளில் உள்ள எண் இன்னும் சரிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.